நெய்யூர்ப் பையன்களும் காணிமலையும்

எங்கள் ஊர் பாறசாலைக்கும் காரக்கோணத்துக்கும் நடுவில். அங்கே யாருக்காவது நோய் முற்றிவிட்டால் பெரியவர்கள் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "நெய்யூருக்குக் கொண்டு போங்க." 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. ரேஷன் கார்டும் பள்ளிக்கூடமும் அரசாங்கமும் மலையாளத்துக்கு மாறின, ஆனால் நோயாளிகள் மட்டும் மாறவில்லை. களியக்காவிளையைத் தாண்டி, தமிழ் பேசுகிறவர்களும் மலையாளம் பேசுகிறவர்களும் ஒரே பஸ்ஸில் நெய்யூருக்குப் போனார்கள். என் பாட்டிக்கு நெய்யூர் ஒரு ஊரே அல்ல, ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பெயர்.

இப்போது நான் இருப்பது அடிலெய்டில். தொழில், மருந்தாளுநர். இங்கே நம் தமிழ்க் குடும்பங்களில் மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் நிறைய. அவர்கள் மூன்றாம் வருடமோ நான்காம் வருடமோ வரும்போது வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும். பிள்ளை பாலைவனத்துக்கு நடுவில் இருக்கும் ஏதோ ஒரு பூர்வகுடிக் குடியிருப்புக்கு, அங்குள்ள சிறுவர்களோடும் இளைஞர்களோடும் இரண்டு வாரம் தொண்டு செய்யப் போக வேண்டும் என்று கேட்கும். பாதுகாப்பா, சாப்பாடு கிடைக்குமா, என்ன பிரயோஜனம் என்று பெற்றோர் என்னைக் கேட்பார்கள். எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் நேராகவே கேட்டார். "அவ அங்க போயி என்னத்தச் செய்யப் போறா? இன்னும் ஊசி போடவே முழுசாப் படிக்கலியே?"

நியாயமான கேள்வி. இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். 160 வருடத்துக்கு முன்னால், எங்கள் எல்லைப்புறத்தில் இருந்தே தொடங்குகிறேன்.

நெய்யூர் வகுப்பு

லண்டன் மிஷன் சங்கத்தின் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838ல் நெய்யூருக்கு வந்தார். சில வருடங்களில் போய்விட்டார். அடுத்து வந்த சார்லஸ் லீச் 1854ல் கடலில் மூழ்கி இறந்தார். மூன்றாவதாக ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் ஜான் லோ 1861ல் வந்தார். அவர் வந்த நேரத்தைக் கவனியுங்கள். எங்கள் தாலுகாக்களில் பெண்கள் மேலாடை அணிவதற்காக நடந்த நீண்ட சண்டை 1859 ஜூலையில் வந்த அரச விளம்பரத்தோடுதான் ஓரளவு அடங்கியிருந்தது. அடுத்த வருடமே பஞ்சமும் வாந்திபேதியும் வந்தன. டாக்டரோ ஒரே ஒருவர், தெற்குத் திருவிதாங்கூர் முழுக்க நோயாளிகள்.

லோ ஒரு வகுப்பு தொடங்கினார். மிஷன் பள்ளிகளில் படித்த உள்ளூர் இளைஞர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, பாடமும் வார்டு வேலையுமாகச் சில வருடம் பயிற்சி கொடுத்தார். பிறகு அவர்களைக் கிளை மருந்தகங்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் மருந்து கொடுப்பதோடு வேதமும் சொன்னார்கள். மிஷனின் நோக்கமே அதுதான், அதை மறைக்க ஒன்றுமில்லை.

அந்தப் பையன்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்? பெரும்பாலும் தொட்டால் தீட்டு என்று ஊர் ஒதுக்கிய சாதிகளில் பிறந்தவர்கள். மேல்சாதித் தெருவில் நடக்க முடியாதவன், மேல்சாதிக்காரரின் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டான். சாதி பார்த்தவர்களும் வயிற்றுவலி தாங்காமல் அந்தத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். 1868ல் லோ ஊர் திரும்பினார். அடுத்த டாக்டர் தாம்சன் வந்து சேர்ந்தது 1873ல். நடுவில் அந்த வேலை நின்றுவிடவில்லை. தாங்கிப் பிடித்தவர்கள் அங்கே பயிற்சி பெற்ற நம் ஊர்ப் பையன்கள்தான். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. லோவின் பெயர் வந்திருக்கிறது. பின்னால் எடின்பரோவில் மருத்துவ மிஷன் சங்கத்துக்கே தலைமை தாங்கினார், புத்தகமும் எழுதினார்.

எவரெஸ்ட் ஏறிய டாக்டர் சாமர்வெல் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1922 பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூரில் கூட்டத்தைப் பார்த்தார். காத்துக்கிடந்த நோயாளிகளுக்குச் சர்ஜன் ஒருவர்தான், டாக்டர் பியூ. லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார். இருபது வருடத்துக்கு மேல் அங்கே கத்தி பிடித்துவிட்டு, பிறகு வேலூர் சி.எம்.சி.யில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் காரக்கோணம் மிஷன் ஆஸ்பத்திரி வளாகத்தில் 2002ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆக, தெய்வம் மாதிரி ஒரு வெள்ளைக்கார டாக்டர், அவரைச் சுற்றிப் பெயர் தெரியாத பையன்கள். டாக்டர்கள் மாறிக்கொண்டே இருந்த ஆஸ்பத்திரியில் மாறாமல் இருந்தவர்கள் அந்தப் பையன்கள்.

மலைக்கு யார் போனார்கள்?

நெய்யூர்க் கிளைகள் பெரும்பாலும் சமவெளியில்தான். வெள்ளறடையிலிருந்து கிழக்கே பார்த்தால் அகத்தியமலைத் தொடர். அங்கேதான் காணிக்காரர்கள். இந்தப் பக்கம் அம்பூரி, கோட்டூர். அந்தப் பக்கம் ஆறுகாணி, பத்துகாணி, பேச்சிப்பாறை, கோதையாறு. மாநில எல்லை காட்டுக்குள் ஓடுகிறது, மக்கள் இரண்டு பக்கமும் ஒரே மக்கள். அவர்கள் பேச்சு தமிழா மலையாளமா என்று கேட்டால் எங்கள் வீட்டுப் பேச்சைப் போலவே இரண்டும்தான்.

பாறசாலையில் சில காலம் மிஷனரியாக இருந்த சாமுவேல் மற்றீர், 1883ல் வெளியான தன் புத்தகத்தில் மலைக்காணிகளைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். மலையில் மருத்துவம் இல்லாமல் இல்லை. குடியிருப்புக்குத் தலைவர் மூட்டுக்காணி. வைத்தியமும் பூசையும் செய்கிறவர் பிலாத்தி. கொக்கரை என்ற பல்வெட்டிய இரும்புக்குழலை உரசி, இரவு முழுக்க சாற்றுப்பாட்டு பாடி நோயை இறக்குவார்கள். இலை, வேர், பட்டை பற்றிய அறிவு பிலாத்தியிடம் மட்டும் இல்லை, காட்டில் நடக்கிற ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் இருந்தது.

இதற்கு நடுவில் அணைகள் வந்தன. 1906ல் பேச்சிப்பாறை முடிந்தது. 1950களில் நெய்யாறு அணை வந்தது. சமவெளியில் நெல் விளைந்தது. நெய்யாற்றுக் கால்வாய்த் தண்ணீர் பாய்ந்த வயல்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு, அந்தச் சோற்றைத்தான் நான் தின்று வளர்ந்தேன். ஆனால் அம்பூரி பக்கம் கும்பிச்சல் கடவில் நின்று பார்த்தால் கணக்கின் மறுபக்கம் தெரியும். தண்ணீர் தேங்கியதும் அக்கரைக் காணிக் குடியிருப்புகள் துண்டாகிப் போயின. பள்ளிக்கூடம் போக, பிரசவத்துக்குப் போக, ஜுரத்துக்குப் போக என்று எல்லாவற்றுக்கும் நெடுங்காலம் படகுதான் வழி. எங்கள் வயலுக்கு வந்த தண்ணீர்தான் அவர்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் கிடந்தது.

கல்லூரி நாட்களில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் பத்து நாள் முகாமுக்காக ஒரு காணிக் குடியிருப்புக்குப் போயிருக்கிறேன். மருத்துவ மாணவர்கள் ஆறு பேர், மருந்தியல் மாணவர்கள் நாங்கள் நான்கு பேர். இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை, பல் துலக்கும் பாடம் எல்லாம் கொண்டுபோனோம். எங்களுக்கு வழிகாட்டியவன் பதினாறு வயதுப் பையன். பத்தாம் வகுப்பில் தோற்றவன் என்று அவன் பள்ளிக்கூடம் முத்திரை குத்தியிருந்தது. காட்டுக்குள் இரண்டு மணி நேர நடையில் நாற்பது செடிக்கு மேல் பெயர் சொன்னான். எது அட்டைக்கடிக்கு, எது பாம்புக்கடிக்கு, எதைக் கர்ப்பிணி தொடக்கூடாது என்று பிரித்துச் சொன்னான். எங்களில் ஒருவர் வேகவேகமாக நோட்டில் எழுதினார். பையன் நின்று, "அண்ணா, இத எழுதிக்கிட்டுப் போயி என்ன செய்வீய?" என்று கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. அவன் கேட்டது வம்புக்கு இல்லை. அவனுக்கு ஏற்கெனவே ஒரு கதை தெரிந்திருந்தது.

ஆரோக்கியப்பச்சை

1987 டிசம்பரில் விஞ்ஞானிகள் குழு ஒன்று அகத்தியமலைக் காட்டுக்குள் ஏறியது. இந்தியப் பழங்குடிகளின் தாவர அறிவைப் பதிவு செய்யும் மத்திய அரசுத் திட்டம் அது. தலைமை டாக்டர் புஷ்பாங்கதன். வழிகாட்டியாகப் போன காணி இளைஞர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். மூச்சு வாங்கிய விஞ்ஞானிகளுக்கும் கொடுத்தார்கள். தின்றவர்களுக்குக் களைப்பு போய்விட்டது. என்ன செடி என்று கேட்டபோது முதலில் சொல்லவில்லை, வெளியாருக்குச் சொல்லக்கூடாதது என்றார்கள். வற்புறுத்தல், உறுதிமொழி எல்லாம் ஆன பிறகு காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995ல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு ஏழு வருட உரிமம் கொடுத்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. பணத்தை வாங்க 1997ல் காணி சமுதாய நல அறக்கட்டளை பதிவாகி, 1999ல்தான் முதல் பணம் அதன் கணக்குக்குப் போனது. உலகம் முழுக்க இதைப் பாராட்டினார்கள். பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த ஆரம்பகால முயற்சி என்று இன்றும் பாடப்புத்தகங்களில் வருகிறது.

பாராட்டு நியாயம்தான். அந்தக் காலத்தில் பாதிப் பங்கு கொடுக்கச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பல்லுயிர்ச் சட்டமே 2002ல்தான் வந்தது. ஆனால் மலையில் எல்லோரும் சந்தோஷப்படவில்லை. 1995ல் ஒன்பது பிலாத்திகள் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். எங்கள் அறிவைத் தனியார் கம்பெனிக்கு விற்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்பதுதான் அதன் சாரம். ரகசியத்தைச் சொன்னது சில இளைஞர்கள், அதைக் காத்து வந்தது பெரியவர்கள். யாரிடம் கேட்டிருக்க வேண்டும்? இலை பறிப்பதிலும் பயிரிடுவதிலும் வனத்துறைக்கு ஆட்சேபம் வேறு. உரிமக்காலம் முடிந்த பிறகு அந்த ஓட்டம் நீடிக்கவில்லை.

ஒரு மருந்தாளுநராக எனக்கு இந்தக் கதை மிக நெருக்கமானது. என் அலமாரியில் இருக்கும் பல மருந்துகளுக்குப் பின்னால் இப்படி ஒரு வழிகாட்டிப் பையன் நிச்சயம் இருந்திருப்பான்.

முகாம் போட்டவர்கள், தங்கியவர்கள்

இனி நம் கேள்விக்கு வருவோம். மாணவர்கள் மலைக்குப் போய் ஏதாவது உருப்படியாக நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது.

1984ல் மைசூர் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் சிலர், ஆர். பாலசுப்ரமணியம் என்ற பத்தொன்பது வயது மாணவரின் தலைமையில் சுவாமி விவேகானந்தா இளைஞர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஏழைகளுக்கு மருந்து சேகரித்துக் கொடுப்பது மாதிரி சின்ன வேலைகள்தான் முதலில். 1987ல் படிப்பு முடிந்ததும் எச்.டி. கோட்டை தாலுகாவுக்குப் போனார்கள். கபினி அணையாலும் பந்திப்பூர் காட்டுப் பாதுகாப்பாலும் இடம் பெயர்க்கப்பட்ட ஜேனு குறும்பர், காடு குறும்பர் அங்கே இருந்தார்கள். மருந்தகம் மட்டும் போதாது என்று சீக்கிரமே புரிந்தது. ஹொசஹள்ளியில் பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். சரகூரில் ஆஸ்பத்திரி வந்தது.

நம் தமிழ்நாட்டிலும் உண்டு. டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். 1993ல் தர்மபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவில் இருக்கும் சிட்டிலிங்கிக்குப் போய் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அப்போது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 பேர் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தார்கள். வெளியூர் நர்ஸுகள் நிலைக்க மாட்டார்கள் என்று தெரிந்து, பள்ளிப்படிப்பை முடிக்காத உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள், ஆபரேஷன் தியேட்டரில் கை கொடுத்தார்கள். சாவு எண்ணிக்கை பல மடங்கு குறைந்தது. கூடலூரிலும் அதே கதைதான். 1987ல் டாக்டர் ரூபாவும் டாக்டர் தேவதாசனும் பணியர், பெட்டக்குறும்பர் மக்களிடம் போனார்கள். 1990ல் தொடங்கிய ஆதிவாசி ஆஸ்பத்திரியில் நர்ஸாக நின்றவர்கள் ஆதிவாசிப் பெண்கள்.

மூன்று இடத்திலும் போனவர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள், அல்லது அங்கேயே தங்கிவிட்டார்கள். சிட்டிலிங்கியிலும் கூடலூரிலும் வேலையை அந்த ஊர்ப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார்கள். நெய்யூரில் 1868க்குப் பிறகு தாங்கிப் பிடித்ததும் இதேதான்.

இந்த ஊர்க் கதை

ஆஸ்திரேலியாவும் இதே பாடத்தைப் படித்து வந்த நாடுதான், ரொம்பத் தாமதமாக. 1971ல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் பூர்வகுடி மக்களே நிர்வகித்த முதல் மருத்துவமனை தொடங்கியது. மற்ற இடங்களில் மரியாதை கிடைக்காததால் சொந்தமாகத் தொடங்கினார்கள். டாக்டர்கள் அங்கே ஊதியமில்லாமல் வேலை பார்த்தார்கள், ஆனால் முடிவெடுத்தது சமூகம். கண் டாக்டர் ஃப்ரெட் ஹாலோஸ் அந்தத் தொடக்கத்தில் கூட இருந்தவர். 1976 முதல் 1978 வரை நாடு முழுக்கச் சுற்றிக் கண்நோய் பரிசோதித்த குழுவுக்கும் அவர்தான் தலைமை. முதல் பூர்வகுடி டாக்டரான ஹெலன் மில்ராய் மேற்கு ஆஸ்திரேலியாவில் பட்டம் வாங்கியது 1983ல். வெள்ளைக்காரர்கள் வந்து குடியேறி 195 வருடம் ஆன பிறகு!

மாணவர்களுக்காக 1997ல் ஜான் ஃப்ளின் பெயரில் அரசு ஒரு திட்டம் தொடங்கியது. அதில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு விதி. மாணவர் வருடத்துக்கு இரண்டு வாரம், நான்கு வருடம், அதே ஊருக்குப் போக வேண்டும். முதல் வருடம் அவர் விருந்தாளி. நான்காம் வருடம் போகும்போது முன்பு பார்த்த ஆறு வயதுக் குழந்தைக்கு ஒன்பது வயது, அது பெயர் சொல்லிக் கூப்பிடும். இப்போது அந்தத் திட்டம் பட்டம் வாங்கிய இளம் டாக்டர்களுக்கானதாக மாறிவிட்டது. விதி மட்டும் என் மனதில் நிற்கிறது.

அனுப்பலாமா?

அனுப்புங்கள். தயங்காமல் அனுப்புங்கள். போகும் முன்னால் பிள்ளையிடம் நான்கு விஷயம் பேசிவிடுங்கள்.

ஒன்று, அந்தக் குடியிருப்பு எந்த மக்களுடையது, அவர்கள் மொழியின் பெயர் என்ன என்று படித்துவிட்டுப் போகட்டும். காணியைக் காணி என்று சொல்லாமல் "காட்டுவாசி" என்று சொன்னால் அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்?

இரண்டு, அழைத்தது யார் என்று கேட்கட்டும். பல்கலைக்கழகம் முடிவு செய்து அனுப்புவதும், அந்தச் சமூகத்தின் மருத்துவமனை கூப்பிட்டு அனுப்புவதும் வேறு வேறு.

மூன்று, படம் பிடிப்பது, எழுதிக்கொள்வது, செடியைப் பற்றிக் கேட்பது எல்லாவற்றுக்கும் முன்னால் "இதை வைத்து என்ன செய்யப் போகிறேன்" என்பதற்குப் பதில் கையில் இருக்கட்டும். சொல்ல வேண்டியவர் ஒரு பதின்வயதுப் பிள்ளையா, ஊர்ப் பெரியவரா என்றும் யோசிக்கட்டும்.

நான்கு, திரும்பப் போகிற இடமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். பத்து ஊரில் இரண்டு நாள் வீதம் சுற்றுவதைவிட ஒரே ஊருக்கு மூன்று தடவை போவது மேல்.

"அவ என்னத்தச் செய்யப் போறா" என்று கேட்ட பக்கத்துக்காரருக்கும் பதில் இதில் இருக்கிறது. மூன்றாம் வருட மாணவியால் பெரிதாக வைத்தியம் செய்ய முடியாது. ஃபுட்பால் ஆடலாம், காது வலிக்கிற குழந்தையை மருத்துவமனை வரை கூட்டிப்போகலாம். பள்ளிக்கூடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணிடம், நீயும் இந்தப் படிப்புக்கு வரலாம், வழி இது, பரீட்சை இது, உதவித்தொகை இது என்று உட்கார்ந்து சொல்லலாம். அடுத்த வருடம் போய், விண்ணப்பம் போட்டாயா என்று கேட்கலாம். இதற்கு ஊசி போடத் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் இன்று டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் என்று இருப்பவர்களில் எத்தனை பேருக்குப் பின்னால் அந்த நெய்யூர் வகுப்பு மாதிரி ஒரு திண்ணை இருக்கிறது? தெருவில் நடக்க விடாத ஊரில் யாரோ ஒருவர் நம் கொள்ளுத்தாத்தாவுக்குக் கட்டுப்போடச் சொல்லிக்கொடுத்தார். அதனால் மூன்று தலைமுறை தாண்டி நாம் இங்கே வந்து நிற்கிறோம். அக்கரைக் காணிப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு திண்ணை எளிதில் வாய்க்கவில்லை. நடுவில் கிடந்த தண்ணீரில் நம் வயலின் பங்கும் உண்டு.

உங்கள் வீட்டில் நெய்யூரிலோ காரக்கோணத்திலோ கம்பவுண்டராக, டிரஸ்ஸராக, நர்ஸாக இருந்த பெரியவர்கள் யாராவது இருந்தால், இந்த வாரம் ஊருக்குப் போன் பேசும்போது அவர்கள் பெயரையும் எந்த வருடம் வேலை பார்த்தார்கள் என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். பிள்ளையின் கையிலும் ஒரு பிரதி கொடுத்து அனுப்புங்கள்.